தி கிளாஷ்: எந்தத் தொகுப்பை வாங்குவது?

'லண்டன் காலிங்' பாடலையோ 'ராக் தி காஸ்பா' பாடலையோ எங்கோ கேட்டுவிட்டு, தி கிளாஷ் என்ற பிரிட்டன் பங்க் (வேகமும் கோபமும் கொண்ட ராக் இசை) குழுவை ஒழுங்காகக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து திகைத்து நிற்கிறார்கள். குழு இயங்கியது 1976 முதல் 1986 வரை, பத்தே ஆண்டுகள். வெளியிட்ட ஸ்டுடியோ ஆல்பங்கள் ஆறு. ஆனால் குழு கலைந்த பிறகு கடைக்கு வந்த 'சிறந்த பாடல்கள்' தொகுப்புகள் அந்த ஆறுக்குக் குறைந்தவை அல்ல. அவற்றில் இரண்டுக்கு ஒரே பெயர். எதை எடுப்பது, எதை விடுவது?

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு 2003இல் வந்த 'தி எசென்ஷியல் கிளாஷ்' போதும். ஆனால் எல்லோருக்கும் அது சரியான தேர்வல்ல. ஏன் என்று தெரிய வேண்டுமானால், இந்தக் குழுவின் பாடல்கள் எங்கெங்கே சிதறிக் கிடக்கின்றன என்பது முதலில் தெரிய வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது?

ஆல்பத்தில் இல்லாத பாடல்கள். மற்றக் குழுக்களுக்கும் கிளாஷுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். சிங்கிளாக, அதாவது ஓரிரு பாடல்கள் மட்டும் கொண்ட தனித் தட்டாக, வெளியிட்ட பாடலை ஆல்பத்திலும் சேர்த்து ரசிகரிடம் இரண்டு முறை காசு வாங்கக் கூடாது என்ற எண்ணம் அந்தக் காலத்து பிரிட்டன் குழுக்கள் பலவற்றிடம் இருந்தது. கிளாஷ் அதைப் பெரிதும் கடைப்பிடித்தது. விளைவு, அவர்களின் மிகச் சிறந்த பாடல்களில் பல எந்த பிரிட்டன் ஆல்பத்திலும் கிடையாது.

'கம்ப்ளீட் கன்ட்ரோல்' அப்படிப்பட்டது. தங்களைக் கேட்காமலேயே 'ரிமோட் கன்ட்ரோல்' பாடலை அவர்களின் இசைத்தட்டு நிறுவனமான சிபிஎஸ் சிங்கிளாக வெளியிட்டுவிட்ட கோபத்தில் 1977இல் எழுதிய பாட்டு அது. தயாரிப்பாளராக அமர்ந்தவர் ஜமைக்காவின் லீ 'ஸ்கிராட்ச்' பெரி. '(வைட் மேன்) இன் ஹேமர்ஸ்மித் பாலே' இன்னொன்று. லண்டனில் விடிய விடிய நடந்த, ஜமைக்காவின் ரெகே இசை நிகழ்ச்சி ஒன்றுக்குக் குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் போய்வந்த அனுபவத்தில் பிறந்தது, 1978 ஜூனில் வெளிவந்தது. பங்க் குழு ஒன்று ரெகே தாளத்தில் நின்று, தன் நாட்டையும் தன் ரசிகர்களையும் தன்னையுமே கேள்வி கேட்ட பாட்டு. இந்தக் குழுவிடமிருந்து ஒரே ஒரு பாடலைத்தான் எடுத்துச் செல்லலாம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். 'கிளாஷ் சிட்டி ராக்கர்ஸ்', 'ஐ ஃபாட் தி லா', 'பேங்க்ராபர்', 'திஸ் இஸ் ரேடியோ கிளாஷ்' ஆகியவையும் இதே வகை. 'கேப்பிட்டல் ரேடியோ' பாடலோ கடைக்கே வரவில்லை. முதல் ஆல்பத்தோடு வந்த சிவப்பு ஒட்டியையும் ஓர் இசைப் பத்திரிகையில் அச்சான கூப்பனையும் அனுப்பியவர்களுக்கு இலவசமாகக் கிடைத்த தட்டு அது.

ஆகவே கிளாஷைப் பொறுத்தவரை தொகுப்பு என்பது சோம்பேறிகளின் குறுக்குவழி அல்ல. ஆல்பங்களை எல்லாம் வைத்திருப்பவருக்கும் அது தேவைப்படும்.

வரிசை. இக்குழு 1977க்கும் 1982க்கும் இடையே கடந்து சென்ற தூரம் மிகப் பெரிது. இரண்டே நிமிடத்தில் முடியும் 'வைட் ரயட்' எங்கே, நியூயார்க்கின் ராப் இசையைக் காதில் வாங்கிக்கொண்டு 1980இல் பதிவு செய்த 'தி மேக்னிஃபிசென்ட் செவன்' எங்கே! பாடல்களை எந்த வரிசையில் அடுக்குகிறார்கள் என்பதைப் பொறுத்தே அந்தப் பயணம் காதுக்குத் தெரியும், அல்லது தெரியாமல் போகும்.

ரெகே பக்கம். 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்', 'தி கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்', 'ஆர்மகிடியன் டைம்' போன்றவற்றை விட்டுவிட்டால் கிளாஷ் வெறும் வேகமான கிதார் குழுவாகிவிடும். அது பொய்யான சித்திரம்.

முடிவை மறைக்காமல் சொல்கிறதா? டிரம்ஸ் வாசித்த டாப்பர் ஹெடனை 1982 மே மாதத்திலும், கிதார் வாசித்த மிக் ஜோன்ஸை 1983 செப்டம்பரிலும் வெளியேற்றினார்கள். மிச்சமிருந்தவர்கள் 1985இல் வெளியிட்ட 'கட் தி கிராப்' ஆல்பத்தைக் குழுவே பின்னாளில் கணக்கில் சேர்க்க விரும்பவில்லை. ஆனால் அதிலிருந்த 'திஸ் இஸ் இங்கிலாந்து' அருமையான பாடல். அதைச் சேர்த்திருக்கிறார்களா இல்லையா என்பது தொகுத்தவர்களின் நேர்மைக்கு ஓர் அளவுகோல்.

மறைமுகச் செலவு. இன்றைய விலையை மட்டும் பார்க்கக் கூடாது. பிறகு ஆல்பங்களையும் வாங்கப் போகிறீர்கள் என்றால் எத்தனை பாடல்களுக்கு இரண்டாம் முறை காசு கொடுப்பீர்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

## ஒரே பார்வையில்

| தொகுப்பு | ஆண்டு | பாடல்கள் | வரிசை | 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' | 'திஸ் இஸ் இங்கிலாந்து' |
|---|---|---|---|---|---|
| தி ஸ்டோரி ஆஃப் தி கிளாஷ், வால்யூம் 1 | 1988 | 28 | கால வரிசை இல்லை | உண்டு | இல்லை |
| தி சிங்கிள்ஸ் | 1991 | 18 | கால வரிசை | இல்லை | இல்லை |
| கிளாஷ் ஆன் பிராட்வே | 1991 | 60க்கு மேல் | பெரும்பாலும் கால வரிசை | உண்டு, முழு நீளத்தில் | இல்லை |
| தி எசென்ஷியல் கிளாஷ் | 2003 | சுமார் 40 | பெரும்பாலும் கால வரிசை | உண்டு | உண்டு |
| தி சிங்கிள்ஸ் | 2007 | 20 | கால வரிசை இல்லை | இல்லை | உண்டு |
| ஹிட்ஸ் பேக் | 2013 | 32 | மேடை நிகழ்ச்சியின் வரிசை | உண்டு | இல்லை |

'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாடலுக்குத் தனி வரிசை ஒதுக்கியதற்குக் காரணம் இருக்கிறது. 1982இல் வந்த 'காம்பாட் ராக்' ஆல்பத்தின் உயிர் அந்தப் பாடல். மூடப்படும் வட இங்கிலாந்து இரும்பாலைகள், அங்கே வரவேற்பில்லாமல் நிற்கும் குடியேறிகள், அமெரிக்கச் சிப்பாய்கள் வியட்நாமில் விட்டுச் சென்ற குழந்தைகள் என்று எங்கும் இடமில்லாதவர்களைப் பற்றிப் பேசுவது அது. தமிழ் வாசகர்கள் பலருக்கு அதன் தொடக்க இசை ஏற்கெனவே பழக்கம். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரினால் மீண்டும் லண்டனுக்கே அகதியாகத் திரும்பிய மாதங்கி அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., தன் 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலை அந்த இசைத்துணுக்கின் மீதுதான் கட்டினார். 2007இல் வந்த அந்தப் பாடலின் ஆக்கியோர் பட்டியலில் கிளாஷ் குழுவினர் நால்வரின் பெயரும் இருக்கிறது. குடியேறிகளைப் பற்றிய பாட்டு ஒன்று கால் நூற்றாண்டு கழித்து ஓர் ஈழத்தமிழ்ப் பெண்ணின் கைக்குப் போய்ச் சேர்ந்ததை நான் தற்செயலாக நினைக்கவில்லை. அந்த மூலப்பாடலைத் தராத தொகுப்பை நம் வாசகர்களுக்குப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

## தி எசென்ஷியல் கிளாஷ் (2003)

இரண்டு குறுந்தட்டுகள். இதன் வேலைகள் நடந்துகொண்டிருந்தபோது, 2002 டிசம்பர் 22 அன்று ஜோ ஸ்ட்ரம்மர் மறைந்தார். தொகுப்பு அவருக்குச் சமர்ப்பணமாக வெளிவந்தது.

முதல் தட்டு 1977இல் தொடங்கி 'ஐ ஃபாட் தி லா' வரை வருகிறது. இரண்டாம் தட்டு 'லண்டன் காலிங்'கில் தொடங்கி 'திஸ் இஸ் இங்கிலாந்து' வரை போகிறது. இந்தப் பிரிப்பே ஒரு நல்ல பாடம். முதல் தட்டைக் கேட்டு முடித்துவிட்டு இரண்டாவதைப் போட்டால், ஒரே குழு இரண்டு ஆண்டுகளில் எப்படி இவ்வளவு விரிந்தது என்று வியப்பு வரும். அந்த வியப்பைத் தருவதுதான் நல்ல தொகுப்பின் வேலை. ஆல்பத்தில் இல்லாத முக்கியமான சிங்கிள்கள் எல்லாம் இதில் வந்துவிடுகின்றன. 'கேப்பிட்டல் ரேடியோ' இருக்கிறது. சிங்கிளாக வராத 'ஸ்டே ஃப்ரீ', 'சேஃப் யூரோப்பியன் ஹோம்' போன்ற ஆல்பப் பாடல்களும் இருக்கின்றன.

குறை இல்லாமல் இல்லை. 'லண்டன் காலிங்' சிங்கிளின் மறுபக்கத்தில் வந்த 'ஆர்மகிடியன் டைம்' இதில் கிடையாது. வில்லி வில்லியம்ஸின் ரெகே பாடலைக் கிளாஷ் தன் வழியில் பாடியது அது. ரெகே பக்கத்தை முழுதாகக் காட்ட விரும்பிய ஒருவர் அதை விட்டிருக்கவே கூடாது. முதல் தட்டின் நடுவில் முதல் ஆல்பத்துப் பாடல்கள் அடுத்தடுத்து வந்து குவிவதால், வேகமான பங்க் இசைக்குப் பழகாத காது சற்றே களைத்துப்போகவும் கூடும்.

மறைமுகச் செலவு இதில் அதிகம். பின்னர் 'லண்டன் காலிங்' ஆல்பத்தை வாங்கினால் அதிலிருந்து ஏழு பாடல்கள் ஏற்கெனவே உங்களிடம் இருக்கும். ஒரே தொகுப்போடு நிறுத்திக்கொள்ளப் போகிறவருக்கு இது பொருட்டல்ல. மற்றவர்கள் கீழே 'தொகுப்பே வேண்டாம் என்றால்' பகுதியையும் படிக்கவும்.

## தி ஸ்டோரி ஆஃப் தி கிளாஷ், வால்யூம் 1 (1988)

பெயரில் 'வால்யூம் 1' என்று இருக்கிறது. இரண்டாவது வால்யூம் வரவே இல்லை.

இதில் கதை பின்னாலிருந்து தொடங்குகிறது. 'தி மேக்னிஃபிசென்ட் செவன்', 'ராக் தி காஸ்பா', 'திஸ் இஸ் ரேடியோ கிளாஷ்' என்று நடனத் தாளம் மிக்க பிற்காலப் பாடல்கள் முதலில் வருகின்றன. பழைய பங்க் பாடல்களுக்கு இரண்டாம் பாதி வரை காத்திருக்க வேண்டும். கால வரிசையை விரும்புகிறவன் நான். ஆனாலும் இந்த அடுக்கு ஒருவகை வாசகருக்கு மிகவும் பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பங்க் என்றாலே இரைச்சல் என்று ஒதுங்குபவரிடம் 'வைட் ரயட்' பாடலை முதலில் கொடுத்தால் ஓடிவிடுவார். 'மேக்னிஃபிசென்ட் செவன்' பாடலின் பேஸ் கிதாரை முதலில் கொடுத்தால் உட்கார்ந்து கேட்பார்.

ரெகே பக்கத்துக்கு இதில் நல்ல இடம் கொடுத்திருக்கிறார்கள். 'ஆர்மகிடியன் டைம்', 'பேங்க்ராபர்', 'தி கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்', 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்' எல்லாமே உண்டு. 'ஸ்பானிஷ் பாம்ப்ஸ்' பாடலும் உண்டு. இவ்வளவு நன்றாகத் தேர்ந்தெடுத்துவிட்டு 1985ஐ மட்டும் நடக்கவே இல்லாததுபோல் விட்டுவிட்டார்கள்.

ஒலித்தரம் பற்றி ஒரு சொல். 1980களின் குறுந்தட்டுகள் இன்றைய மறுபதிப்புகளைவிடச் சத்தம் குறைவாக ஒலிக்கும். தட்டு பழுதென்று நினைத்துவிட வேண்டாம், ஒலியைக் கூட்டிக் கேட்டால் போதும். பழைய வினைல் பிரதியாக வாங்குபவர்கள் இரண்டு தட்டுகளும் உறைக்குள் இருக்கின்றனவா, கீறல் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

## இரண்டு 'தி சிங்கிள்ஸ்' (1991, 2007)

ஒரே பெயரில் இரண்டு தொகுப்புகள் என்று முன்பே சொன்னேன். போதாக்குறைக்கு 2006இல் 'சிங்கிள்ஸ் பாக்ஸ்' என்ற பெட்டியும் வந்தது. அதில் ஒவ்வொரு சிங்கிளையும் அதன் பழைய உறையோடு தனித்தனித் தட்டாகக் கொடுத்திருக்கிறார்கள். சேகரிப்பாளர்களுக்கானது அது. இங்கே அதைப் பேசப் போவதில்லை.

1991 தொகுப்பு வந்த நேரம் முக்கியம். லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்தில் 'ஷுட் ஐ ஸ்டே ஆர் ஷுட் ஐ கோ' ஒலித்ததைத் தொடர்ந்து, அந்தப் பழைய பாடல் மீண்டும் வெளியாகி 1991 மார்ச்சில் பிரிட்டன் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. குழு உயிரோடு இருந்த காலத்தில் ஒருமுறைகூட எட்டாத இடம் அது. அந்தப் புகழின் கையைப் பிடித்துக்கொண்டே இந்தத் தொகுப்பு கடைக்கு வந்தது. 18 பாடல்களும் வெளியான வரிசையில் அமைந்திருக்கின்றன. 2007 தொகுப்பில் 20 பாடல்கள். வரிசை கலைந்திருக்கிறது, புகழ்பெற்றவை முன்னால் வந்துவிடுகின்றன, 'திஸ் இஸ் இங்கிலாந்து' சேர்ந்திருக்கிறது.

ஒரு மணி நேரத்தில் குழுவை அறிந்துகொள்ள வேண்டும், ஒரே தட்டு போதும் என்பவர்களுக்கு இவை சரி. ஆல்பங்கள் அனைத்தையும் ஏற்கெனவே வைத்திருந்து, விட்டுப்போன சிங்கிள்களை மட்டும் தேடுகிறவருக்கும் இவைதான் மலிவான வழி. மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். சிங்கிள்களை மட்டும் வைத்து அளக்கக்கூடிய குழு அல்ல இது. 'தி கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்' இல்லை, 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்' இல்லை, 'ஸ்டே ஃப்ரீ' இல்லை. 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பிரிட்டனில் 'ஷுட் ஐ ஸ்டே' பாடலோடு சம உரிமையுள்ள இரட்டை சிங்கிளாகத்தான் 1982இல் வந்தது. அப்படியிருந்தும் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபக்கத்தை விட்டுவிட்டார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

## ஹிட்ஸ் பேக் (2013)

எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. 1982 ஜூலையில் லண்டன் பிரிக்ஸ்டனில் இருந்த ஃபேர் டீல் அரங்கில் கிளாஷ் வாசித்தது. அந்த நிகழ்ச்சிக்காக ஸ்ட்ரம்மர் தன் கையால் எழுதிய பாடல் வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டு, அந்த 24 பாடல்களின் ஸ்டுடியோ பதிவுகளை அதே வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். பின்னால் எட்டுப் பாடல்கள் கூடுதலாக வருகின்றன.

குழுவின் தலைவனே போட்ட வரிசை என்பதால் இதில் ஓர் உள்ளோட்டம் இருக்கிறது. வேகமான பாட்டுக்கு அடுத்து ரெகே, ரெகேக்கு அடுத்து மீண்டும் வேகம் என்று மூச்சு விட இடம் வைத்து நகர்கிறது. எசென்ஷியல் தொகுப்பின் முதல் தட்டு தரும் களைப்பு இதில் வராது. 'ராங் எம் பாயோ', 'பிராண்ட் நியூ கேடிலாக்' போல வேறு தொகுப்புக்காரர்கள் பெரும்பாலும் தொடாத பாடல்களும் உள்ளே வந்துவிட்டன. அதே ஆண்டு மூலநாடாக்களிலிருந்து புதிதாகச் செம்மைப்படுத்திய ஒலி இதில் இருப்பதால், டாப்பர் ஹெடனின் டிரம்ஸ் தெளிவாகக் கேட்கிறது. அந்த டிரம்ஸ் வாசிப்பைத் தனியாகக் கவனித்துக் கேளுங்கள். பங்க், ரெகே, ஜாஸ், ஃபங்க் எல்லாவற்றையும் ஒரே குழு வாசிக்க முடிந்ததே அவரால்தான். 'ராக் தி காஸ்பா' பாடலின் இசையை அமைத்தவரும் அவரே.

இரண்டு எச்சரிக்கைகள். இது மேடைப் பதிவு அல்ல. அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்து நேரடி நிகழ்ச்சி என்று நினைத்து வாங்கி ஏமாறக் கூடாது. அடுத்து, 1982இல் அவர்கள் வாசித்தது என்பதால் 'கம்ப்ளீட் கன்ட்ரோல்', 'வைட் ரயட்' போன்றவை கூடுதல் பகுதிக்குத் தள்ளப்பட்டிருக்கின்றன. குழுவின் வரலாறு தெரியாமல் கேட்பவருக்கு எது முன், எது பின் என்றே புரியாது. அதனால் இதை இரண்டாவது தொகுப்பாகவோ, கால வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு மாலை முழுக்கப் போட்டுவிட்டுக் கேட்க விரும்புபவருக்கோதான் சொல்வேன். வினைலில் கேட்பவர்களுக்கு மூன்று தட்டுகளில் கிடைக்கும் இந்தப் பதிப்பு நன்றாக இருக்கும், விலையும் அதற்கேற்ப ஏறும்.

## கிளாஷ் ஆன் பிராட்வே (1991)

மூன்று தட்டுகள் கொண்ட பெட்டி. 1981இல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் இருந்த பாண்ட்ஸ் அரங்கில் கிளாஷ் நடத்திய தொடர் நிகழ்ச்சிகளை நினைவூட்டும் பெயர். எட்டு நிகழ்ச்சிகள் என்று திட்டமிட்டு, அளவுக்கு மீறி டிக்கெட் விற்றதால் தீயணைப்புத் துறை தலையிட்டு, டிக்கெட் வாங்கிய அனைவரும் பார்ப்பதற்காகப் பதினேழு நிகழ்ச்சிகள் வாசித்து முடித்தார்கள்.

மாதிரிப் பதிவுகள், மேடைப் பதிவுகள், முழு நீள 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' எல்லாம் இதில் உண்டு. ஆல்பத்தில் ஐந்தரை நிமிடமாகச் சுருக்கிய அந்தப் பாடல் இங்கே ஏழு நிமிடத்துக்கு நெருங்கி விரிகிறது. தொடக்கநிலை வாசகருக்கு இந்தப் பெட்டி வேண்டாம். குழுவை ஏற்கெனவே நேசிக்கிறவர்கள் தேடி வாங்கலாம்.

## தொகுப்பே வேண்டாம் என்றால்

மேற்கொண்டு ஆல்பங்களையும் கேட்கத்தான் போகிறேன் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. எந்தத் தொகுப்பையும் வாங்காமல் இரண்டே ஆல்பங்களை வாங்குங்கள்.

ஒன்று, முதல் ஆல்பத்தின் அமெரிக்கப் பதிப்பு. பிரிட்டனில் 1977 ஏப்ரலில் வந்த ஆல்பத்தை அமெரிக்காவில் 1979இல்தான் வெளியிட்டார்கள். அப்போது நான்கு பாடல்களை நீக்கிவிட்டு, 'கம்ப்ளீட் கன்ட்ரோல்', 'கிளாஷ் சிட்டி ராக்கர்ஸ்', 'வைட் மேன்', 'ஐ ஃபாட் தி லா', 'ஜெயில் கிதார் டோர்ஸ்' ஆகியவற்றைச் சேர்த்தார்கள். பெயருக்கு ஆல்பம், உண்மையில் 1977 முதல் 1979 வரையிலான தொகுப்பு. மற்றொன்று 'லண்டன் காலிங்', 19 பாடல்கள். வந்தபோதே இரட்டைத் தட்டை ஒற்றைத் தட்டின் விலைக்குக் கொடுத்தார்கள்.

இந்த இரண்டும் சேர்ந்தால் 34 பாடல்கள், ஒன்றுகூட இரட்டிப்பு இல்லை. ஆனால் 1980க்குப் பிந்தைய எதுவும் கைக்கு வராது. அதற்கு 'காம்பாட் ராக்' ஆல்பத்தைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். 36 பாடல்கள் கொண்ட 'சாண்டினிஸ்டா'வை அதற்கும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அது அருமையான காடு, ஆனால் வழி தெரியாமல் முதலிலேயே நுழைந்தால் திரும்பி வந்துவிடத் தோன்றும்.

இணையத்தில் மாதச் சந்தா கட்டிக் கேட்பவர்களுக்கு இரட்டிப்புச் செலவு என்ற சிக்கல் கிடையாது. அவர்கள் எசென்ஷியலைத் தொடக்கத்திலிருந்து வரிசை மாற்றாமல் கேட்டுவிட்டு, 'ஆர்மகிடியன் டைம்' பாடலை ஸ்டோரி தொகுப்பிலிருந்து எடுத்துக் கடைசியில் சேர்த்துக்கொண்டால் போதும்.

பரிசாகக் கொடுக்க வாங்குபவர்கள் பெறுகிறவரின் காதைப் பார்த்து வாங்க வேண்டும். ரெகேயும் நடன இசையும் பிடித்தவருக்கு ஸ்டோரி, கிதார் பிடித்தவருக்கு எசென்ஷியல், வினைல் வைத்திருப்பவருக்கு ஹிட்ஸ் பேக். கடையில் 'தி சிங்கிள்ஸ்' மட்டும்தான் இருக்கிறது என்றால் பின்அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 20 பாடல்களும் அவற்றில் 'திஸ் இஸ் இங்கிலாந்து' பாடலும் இருந்தால் அது 2007 பதிப்பு. இரண்டில் ஒன்றை எடுப்பதானால் அதையே எடுங்கள்.